நூற்று நாற்பதாம் பக்கம்

புத்தகத்தை நான் முடிக்கவில்லை.
மேடையில் சொல்லாததை
இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
ஒரு பல்பொருள் கடை ரசீதைச் செருகி மூடியவன்
அதற்குமேல் நடந்ததையெல்லாம்
பின்னட்டையிலிருந்து அறிந்துகொண்டேன்.

டர்பன், எங்கள் நூலகத்தின் மேல்மாடி.
நாற்காலி எண்பது, வந்தவர் முப்பத்தொருவர்,
அதில் நால்வர் சமூசாவுக்காக.
ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாத மழை
துறைமுகத்துக் கிரேன்களை
ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் சலோஷ்னி வாண்டையார்,
ஜொகன்னஸ்பர்கிலிருந்து காலை விமானத்தில் வந்தவர்,
முழங்கால்மேல் புது நாவல்,
அட்டையில் ஒரு மஞ்சள் பஸ்.
'இதில் மௌனமே ஒரு பாத்திரமாக வருகிறதல்லவா?'
என்று ஆரம்பித்தேன்.
படிக்காத புத்தகத்தைப் பற்றிக் கேட்க
இதைவிடப் பத்திரமான கேள்வி கிடையாது.
பல் மருத்துவர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.
'வருகிறது' என்றார்,
'நூற்று ஐம்பதுக்குப் பிறகு.'

மூன்றாம் வரிசையில் ஒரு கை எழுந்தது.
கேள்வி நேரம் இன்னும் வரவில்லை.
காத்திருக்கிற கை இல்லை அது.
சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த பெண்,
கோகிலம் நயினா என்று பெயர் சொன்னார்,
மடியில் நூலகப் பிரதி, எங்கள் முத்திரையோடு.
ஒலிவாங்கி அவர் கைக்குப் போகவும்
மின்சாரம் போகவும் சரியாக இருந்தது.

லோட்ஷெடிங்.
அட்டவணையில் ஆறு மணி என்று போட்டிருந்தது,
ஐந்து நாற்பதுக்கே வந்துவிட்டது.
நம்மூரில் நேரத்துக்கு முன்னால் வருவது
அது ஒன்றுதான்.

செத்த ஒலிவாங்கியை வாயருகே பிடித்தபடியே பேசினார்:
'உங்கள் நடத்துநர்
இடது ஷூவுக்குள் சில்லறையை ஒளிக்கிறான்.
எழுபத்தெட்டில் அந்தத் தடத்தில்
மஞ்சள் பஸ் ஒன்றே ஒன்றுதான்,
நடத்துநரும் ஒருவர்தான். என் அப்பா.
ராத்திரி அவர் ஷூவைக் கழற்றுவது நான்.
உள்ளே கால் மட்டும்தான் இருந்தது.'

யாரோ சமூசாவை மெல்வதை நிறுத்தினார்கள்.
நிறுத்திய பிறகுதான் அந்தச் சத்தம்
அதுவரை இருந்தது தெரிந்தது.

'இது புனைவு, அம்மா' என்று
ஒரு வாக்கியம் என் தொண்டைவரை வந்தது.
நானும் நடத்துநர்தானே, இந்த நிகழ்ச்சிக்கு.
என் ஷூவுக்குள்ளும்
படிக்காத எண்பது பக்கம் குத்திக்கொண்டிருந்தது.
பேசாமல் இருந்தேன்.

இருட்டில் சலோஷ்னியின் குரல்
மேடைக் குரலாக இல்லை:
'ஒளித்தது என் அப்பா.
வேறு பஸ், பச்சை.
அவரை என் வீட்டில் உட்காரவைத்து எழுத
நாலு வருஷம் பார்த்தேன், முடியவில்லை.
உங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.'

'டிக்கெட் வாங்காமலா?'
என்றார் கோகிலம்.

அது சிரிப்பா, அடியா,
முகம் தெரிந்தால் சொல்லலாம்.

கீழே மீன் கடைக்காரரின் ஜெனரேட்டர்
இரண்டு முறை தும்மிவிட்டு ஓடத் தொடங்கியது.
வெளிச்சம் வந்தபோது இருவரும்
வேறுவேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
'அடுத்த கேள்வி?' என்றேன்.
ஒரு பையன் எழுந்து,
எழுதுவது காலையிலா இரவிலா என்று கேட்டான்.
'காலையில்' என்றார்,
அவனுக்கு நன்றி சொல்வதுபோல.

நாற்காலிகளை மடக்கி அடுக்கிய பிறகு
திருப்பிப் போடும் பெட்டியில்
அந்தப் பிரதி கிடந்தது.
பதினொரு நாள் தாமதம்.
நின்றபடியே நூற்று நாற்பத்தொன்றிலிருந்து தொடங்கினேன்,
ஓரங்களில் பென்சில்:
பொய்.
பொய்.
இன்னொரு பக்கத்தில், காகிதம் கிழிய, பொய்.

இருநூற்று மூன்றில்,
மழை நாளில் டிக்கெட் கிழிக்குமுன்
அவன் விரலைக் காலரில் துடைத்துக்கொள்கிற இடத்தில்
வார்த்தை எதுவும் இல்லை.
வரிக்கு அடியில் ஒரு கோடு மட்டும்,
அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

நூலகப் புத்தகத்தில் பென்சில் இருந்தால்
விதிப்படி அழிக்க வேண்டும்.
ரப்பர் மேசைமேல்தான் இருக்கிறது.